வெயில் வேறு, வெளிச்சம் வேறு: தத்ரூப ஓவியத்தில் நிறமும் ஒளியும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பார்த்ததைப் பார்த்தபடி வரைய ஆசைப்படுகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். பலருக்குக் கோடு சீக்கிரமே கைவந்துவிடுகிறது, உருவமும் அமைந்துவிடுகிறது. வண்ணம் தொட்டதும் படம் தட்டையாகிவிடும், இல்லையென்றால் அழுக்காகிவிடும். அந்த இடத்தில் எழும் கேள்விகள் இவை. எண்ணெய் வண்ணத்தை மனதில் வைத்து எழுதுகிறேன். அக்ரிலிக், நீர்வண்ணக்காரர்களுக்கும் பெரும்பகுதி பொருந்தும்.

நிழலுக்குக் கறுப்பு கலந்தால் படம் ஏன் அழுக்காகத் தெரிகிறது?

தமிழில் நமக்கு ஒரு வசதி இருக்கிறது. வெயிலுக்கு ஒரு சொல், வெளிச்சத்துக்கு வேறொரு சொல். மரத்தடியில் நிற்கிறவரை "வெயில் படாமல் நிற்கிறார்" என்போம். "வெளிச்சம் இல்லாமல் நிற்கிறார்" என்று யாரும் சொல்வதில்லை. நிழல் என்பது இதுதான்: வெயில் போய்ச் சேராத, ஆனால் வெளிச்சம் போய்ச் சேர்கிற இடம். அந்த வெளிச்சம் வானத்திலிருந்து வருகிறது, பக்கத்துச் சுவரிலிருந்து வருகிறது, தரையில் பட்டுத் திரும்பியும் வருகிறது. ஒவ்வொன்றுக்கும் தனி நிறம் உண்டு. வெறும் கறுப்பைக் கலந்து இருட்டாக்கும்போது இந்த வெளிச்சங்கள் எல்லாவற்றையும் ஒரே அடியாக அணைத்துவிடுகிறோம்.

வெட்டவெளியில், நல்ல வெயிலில், கொடியில் காயும் ஒரு வெள்ளைத் துணியைக் கொஞ்ச நேரம் பாருங்கள். வெயில் நேராகப் படும் பகுதி இளமஞ்சள் ஓடிய வெள்ளை. வெயில் விழாத மடிப்புகள் இரண்டு விதமாக இருக்கும். வானத்தைப் பார்த்திருக்கும் மடிப்பு நீலம் பாரித்திருக்கும். தரையைப் பார்த்திருக்கும் மடிப்பில், கீழே செம்மண் என்றால் ஆரஞ்சுச் சாயல் ஏறியிருக்கும், புல் என்றால் பச்சைச் சாயல். ஒரே துணி, ஒரே நிழல், ஆனால் இரண்டு நிறம். இதைக் கறுப்பும் வெள்ளையும் குழைத்த ஒரே சாம்பலால் நிரப்பினால் அது துவைக்காத துணியாகத்தான் தெரியும்.

அதற்காகக் கறுப்பு டியூபைத் தூக்கிப் போட வேண்டாம். அதுவும் ஒரு நிறம்தான். ஐவரி பிளாக்கில் வெள்ளை கலந்தால் நீலம் ஓடிய சாம்பல் வரும். எல்லோ ஓக்கர் என்ற மண் மஞ்சளில் கொஞ்சம் கறுப்பைச் சேர்த்தால் அருமையான மங்கிய பச்சை வரும். எல்லா நிழலுக்கும் அதையே மருந்தாகக் கொடுப்பதில்தான் சிக்கல்.

அப்படியானால் நிழலுக்கு எந்த நிறத்தைக் கலப்பது? சூத்திரம் ஏதாவது உண்டா?

எல்லா இடத்துக்கும் பொருந்தும் சூத்திரம் இல்லை. "எதிர் நிறத்தைக் கலந்தால் நிழல் வந்துவிடும்" என்று சொல்வார்கள். எதிர் நிறம் (சிவப்புக்குப் பச்சை, நீலத்துக்கு ஆரஞ்சு என்பதுபோல) பளிச்சென்ற நிறத்தை மங்க வைக்கும், அவ்வளவுதான். சில நேரம் அதுவே போதும், பல நேரம் போதாது.

நான் மூன்று விஷயங்களைப் பார்ப்பேன். இங்கே எந்த வெளிச்சம் தடைபட்டது? மிச்சம் இருக்கும் வெளிச்சம் எங்கிருந்து வருகிறது? பொருளின் சொந்த நிறம் என்ன? மூன்றாவதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். சிவப்புத் துணியின் நிழல் முதலில் அடர் சிவப்பு. வானத்தின் நீலம் அதன்மேல் லேசாகத் தடவினாற்போலத்தான் இருக்கும். நிழல் நீலமாக இருக்கும் என்று எங்கோ படித்துவிட்டு எல்லா நிழலையும் நீலத்தில் தோய்த்தெடுப்பது, கறுப்பில் தோய்ப்பதற்கு எந்த விதத்திலும் குறைந்த தவறு இல்லை.

கலவை என்று கேட்டால், அல்ட்ராமரின் நீலமும் பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பும் சேர்ந்து நல்ல ஆழமான இருண்ட நிறம் தரும். நீலத்தைக் கூட்டினால் குளிரும், சியன்னாவைக் கூட்டினால் சூடேறும்.

டோன், டோன் என்கிறார்களே, அது என்ன? நிறத்தைவிட முக்கியமா?

ஒரு நிறத்தைப் பற்றி மூன்று விதமாகக் கேட்கலாம். இது சிவப்பா, மஞ்சளா, நீலமா? எவ்வளவு வெளிர், எவ்வளவு அடர்? எவ்வளவு பளிச், எவ்வளவு மங்கல்? இரண்டாவதற்கான விடைதான் டோன். மூன்றாவதைச் செறிவு என்போம். அமெரிக்க ஓவிய ஆசிரியர் ஆல்பர்ட் மன்செல் 1905இல் வெளியிட்ட நிறக் குறியீட்டு முறை இந்த மூன்றின் மேல்தான் நிற்கிறது. டோனுக்கு அவர் வைத்த அளவுகோலில் கறுப்பு 0, வெள்ளை 10.

முக்கியமா என்றால், ஆம். டோன் சரியாக இருந்தால் நிறம் கொஞ்சம் பிசகினாலும் உருவம் நிற்கும். கறுப்பு வெள்ளைப் புகைப்படத்தில் அப்பாவின் முகம் தெரியத்தானே செய்கிறது? உருவத்தையும் ஆழத்தையும் மூளை பெரும்பாலும் வெளிர்-அடர் வேறுபாட்டை வைத்தே கண்டுகொள்கிறது. டோன் தவறினால் எவ்வளவு அழகான நிறமும் அந்த இடத்தில் ஒட்டாமல் துருத்திக்கொண்டு நிற்கும்.

இதற்கு அழகான சான்று ஒன்று உண்டு. பிரெஞ்சு ஓவியர் குளோத் மொனே 1872இல் வரைந்த, சூரியோதயத்தில் ஒரு துறைமுகத்தைக் காட்டும் ஓவியம். இம்ப்ரெஷனிசம் என்ற ஓவிய இயக்கத்தின் பெயரே அதிலிருந்துதான் வந்தது. அதில் சாம்பல் நீல மூட்டத்தின் நடுவே ஆரஞ்சுச் சூரியன் தகதகக்கும். அந்தப் படத்தைக் கறுப்பு வெள்ளைக்கு மாற்றிப் பாருங்கள். சூரியன் கிட்டத்தட்டக் காணாமல் போய்விடும்! சுற்றியுள்ள மூட்டமும் சூரியனும் ஏறக்குறைய ஒரே டோன். வேறுபாடு முழுவதும் நிறத்தில்தான். சூரியன் நிலையாக நிற்காமல் துடிப்பதுபோலத் தோன்றுவதற்கு அதுவே காரணம். இரண்டையும் தனித்தனியாகப் பிடித்து ஆளத் தெரிந்த கை அது.

டோனைப் பார்க்க எளிய வழி, கண்ணைச் சுருக்கிப் பார்ப்பது. நுணுக்கங்கள் மறைந்து நான்கைந்து பெரிய திட்டுகள் மட்டும் தெரியும். முதலில் அந்தத் திட்டுகளை வையுங்கள்.

உருண்டையான பொருளில் வெளிச்சம் எப்படி மாறுகிறது?

ஒரு வெள்ளை முட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். இடது பக்கம் ஒரே ஒரு ஜன்னல், மற்ற விளக்குகளை அணைத்துவிடுங்கள். முட்டையை வெள்ளைத் தாளின்மேல் வையுங்கள்.

ஜன்னலை நேராகப் பார்க்கும் இடம்தான் அதிக வெளிச்சம். அங்கிருந்து வலது பக்கம் நகர நகர, ஓடு ஜன்னலைவிட்டு முகம் திருப்பிக்கொண்டே போகிறது, டோன் மெல்ல இறங்குகிறது. ஓர் இடத்தில் ஜன்னல் வெளிச்சம் தொட முடியாமல் நின்றுவிடும். நிழல் தொடங்குவது அங்கே. கவனித்துப் பாருங்கள், நிழல் பகுதியிலேயே மிக அடர்த்தியானது வலது ஓரம் அல்ல, இந்தத் திருப்பத்தை ஒட்டிய பட்டைதான். அதைத் தாண்டினால் கீழே இருக்கும் தாள் தன் வெளிச்சத்தை முட்டையின் வயிற்றில் எறிகிறது, டோன் மறுபடியும் லேசாக ஏறுகிறது. இதுதான் எதிரொளி.

இங்கேதான் ஆரம்பக்காரர்கள் பெரும்பாலும் சறுக்குவார்கள். எதிரொளியைக் கண்டுபிடித்த மகிழ்ச்சியில் அதை வெள்ளையாகப் போட்டுவிடுவார்கள், முட்டை கண்ணாடிபோல ஆகிவிடும். எதிரொளி எவ்வளவு வெளிறித் தெரிந்தாலும், இப்படி ஒரே நிறமுள்ள பொருளில், ஜன்னல் வெளிச்சம் படும் பகுதிக்கு ஒரு படி கீழேதான் நிற்கும். சந்தேகம் வந்தால் கண்ணைச் சுருக்குங்கள். எதிரொளி நிழலுக்குள் அடங்கிவிடும்.

அப்புறம், தாளில் விழும் நிழல். முட்டை தாளைத் தொடும் இடத்தில் மெல்லிய, மிக அடர்ந்த கோடு. அதை ஒட்டி நிழலின் விளிம்பு கூர்மையாக இருக்கும், விலக விலகக் கலங்கிப் பரவும். ஜன்னல் ஒரு புள்ளி அல்ல, ஓர் அகன்ற பரப்பு என்பதால் இப்படி. விளிம்பு முழுவதையும் ஒரே கூர்மையில் வரைந்தால் முட்டை தாளில் வெட்டி ஒட்டியதுபோல இருக்கும்.

இப்போது வெள்ளைத் தாளை உருவிவிட்டுச் சிவப்புத் தாளை வையுங்கள். முட்டையின் அடிவயிறு ரோஜா நிறமாகிவிடும். நீங்கள் முட்டையைத் தொடவே இல்லை. இந்த ஒரு மாற்றத்தைக் கண்ணால் பார்த்துவிட்டவர்கள், 'முட்டையின் நிறம்' என்று ஒன்றைத் தனியாகத் தேடுவதை அன்றோடு விட்டுவிடுவார்கள்.

பேலட்டில் சரியாகக் கலந்த நிறம், படத்தில் வைத்ததும் ஏன் மாறிவிடுகிறது?

நிறம் மாறவில்லை, பக்கத்து வீடு மாறிவிட்டது. இதை முதலில் முறையாக ஆராய்ந்தவர் ஓவியர் அல்ல, ஒரு வேதியியலாளர். பிரான்சின் மிஷேல் ஷெவ்ரோல் 1824இல் பாரிஸின் புகழ்பெற்ற கோபலின் திரைச்சீலை ஆலையில் சாயப் பிரிவுக்குப் பொறுப்பேற்றார். கறுப்பு நூலில் அடர்த்தி போதவில்லை என்று புகார் வந்தது. சாயத்தைச் சோதித்தார், அதில் குறை ஒன்றும் இல்லை. அந்தக் கறுப்பை நீலத்துக்கும் ஊதாவுக்கும் பக்கத்தில் வைத்து நெய்திருந்தார்கள். அந்தப் பக்கத்து நிறங்கள்தான் கறுப்பின் வலுவைக் குறைத்துக் காட்டின. இதைத் தொடர்ந்து ஆராய்ந்து 1839இல் நூலாக வெளியிட்டார்.

கைவேலைக்கு இதிலிருந்து கிடைப்பது: வெள்ளை கான்வாஸில் முதல் தீற்று எப்போதும் இருக்க வேண்டியதைவிட அடர்த்தியாகத் தெரியும். பயந்து வெளிறச் செய்வோம். கான்வாஸ் நிரம்பியதும் எல்லாமே சோகை பிடித்ததுபோல நிற்கும். பழைய ஓவியர்கள் பலர் கான்வாஸில் முதலில் பழுப்போ சாம்பலோ பூசிவிட்டு வேலையைத் தொடங்கியதற்கு இது ஒரு நல்ல காரணம். நடு டோனில் ஒரு பூச்சு இருந்தால் வெளிச்சத்தையும் அடர்த்தியையும் இரண்டு பக்கமும் அளக்கலாம்.

நிறத்தைத் தனியே பார்க்கவும் ஒரு வழி உண்டு. நான் கற்றுக்கொண்ட காலத்தில் ஒரு வெள்ளைக் கோப்பையை வரைந்துகொண்டிருந்தேன். அதன் நிழல் பக்கமும் வெள்ளைதான் என்று பிடிவாதமாகச் சொன்னேன். ஆசிரியர் ஒன்றும் பேசவில்லை. சாம்பல் அட்டை ஒன்றில் பேனா முனையால் துளையிட்டு, அதன் வழியாக நிழல் பக்கத்தைப் பார்க்கச் சொன்னார். துளையில் தெரிந்தது ஈரமண் மாதிரி ஒரு பழுப்பு. அட்டையை விலக்கினால் மறுபடியும் வெள்ளைக் கோப்பை. பொருள் எந்த வெளிச்சத்தில் இருந்தாலும் அதன் நிறம் மாறாததுபோலக் காட்டுவது மூளையின் வேலை. அன்றாட வாழ்வுக்கு அது பேருதவி, ஓவியருக்கு இடைஞ்சல். அந்த அட்டையை இன்னும் வைத்திருக்கிறேன்.

சூடான வெளிச்சம், குளிர்ந்த வெளிச்சம் என்றால் என்ன?

மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பின் பக்கம் சாய்ந்தால் சூடு. நீலத்தின் பக்கம் சாய்ந்தால் குளிர்ச்சி. இந்தச் சாய்வைக் கெல்வின் என்ற அலகில் அளப்பார்கள்: மெழுகுவத்திச் சுடர் சுமார் 1,900 கெல்வின், பழைய குண்டு பல்பு 2,700, நண்பகல் வெளிச்சம் 5,500 வாக்கில், மேகமூட்டம் 6,500 வாக்கில், தெளிந்த நீல வானத்திலிருந்து மட்டும் வருவது 10,000க்கும் மேல். எண் ஏற ஏற நிறம் குளிரும். தலைகீழாகத் தோன்றினாலும் அளவு அப்படித்தான்.

ஓவியர்கள் கைக்கொள்ளும் வழக்கு: வெளிச்சம் சூடு என்றால் நிழல் குளிரும், வெளிச்சம் குளிர்ந்தால் நிழல் சூடாகும். வெயிலில் நிழல் குளிர்கிறது, ஏனென்றால் அங்கே வானம் மட்டும் மிஞ்சுகிறது. நேரடி வெயில் அதிகம் படாமல் வானத்தின் குளிர்ந்த வெளிச்சம் வரும் வடக்கு ஜன்னலில், அறையின் நிழல்கள் பழுப்பேறித் தெரிகின்றன. இது பெரும்பாலும் சரிவரும். செங்கல் தளத்தில் வெயில் அடித்து நிழலுக்குள் எகிறும்போது இரண்டு பக்கமும் சூடாகவே இருக்கும். அப்போது வழக்கை ஒதுக்கிவிட்டுக் கண் பார்ப்பதை வரையுங்கள்.

இரண்டு வெளிச்சங்கள் ஒரே படத்தில் சந்திப்பதைப் பார்க்க வேண்டுமென்றால் அமெரிக்க ஓவியர் ஜான் சிங்கர் சார்ஜென்ட்டின் ஓர் ஓவியத்தைத் தேடிப் பாருங்கள். இரண்டு சிறுமிகள் தோட்டத்தில் காகித விளக்குகளை ஏற்றிக்கொண்டிருப்பார்கள். கார்னேஷன், லில்லி, லில்லி, ரோஸ் என்று பெயர். 1885, 1886 இரண்டு இலையுதிர் காலங்களிலும் அந்தி சாயும் சில நிமிடங்களில் மட்டும் வெளியே நின்று அதை வரைந்தார். வெள்ளை உடைகளில் அந்தியின் நீல ஊதா, முகங்களில் விளக்கின் ஆரஞ்சு. விளக்கு எரிவதை நாம் நம்புவதற்குக் காரணம் விளக்கில் பூசிய மஞ்சள் மட்டும் இல்லை, அதைச் சுற்றி அவர் பொறுமையாகக் குளிர வைத்த அந்தி.

வெயிலின் பிரகாசத்தைப் பெயின்டால் எப்படிக் கொண்டுவருவது?

நேரடியாக முடியாது. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு பரப்பின்மேல் விழும் வெளிச்சத்தை லக்ஸ் என்ற அலகில் அளப்பார்கள். நேரடி வெயில் ஏறத்தாழ 1,00,000 லக்ஸ். சாதாரண அறை வெளிச்சம் 300 லக்ஸ் என்று வைத்துக்கொள்வோம். வெயிலில் கிடக்கும் கறுப்புத் துணி தன்மேல் விழுவதில் 5 சதவீதத்தைத் திருப்பி அனுப்பினாலும் அது 5,000. அறைக்குள் இருக்கும் வெள்ளைத் தாள் 80 சதவீதத்தைத் திருப்பினாலும் 240தான். அதாவது வெளியே கிடக்கும் கறுப்பு, உள்ளே இருக்கும் வெள்ளையைவிட இருபது மடங்கு பிரகாசம். நம் கண்ணோ ஒன்றைக் கறுப்பு என்றும் மற்றதை வெள்ளை என்றும் தயங்காமல் சொல்லும்.

பெயின்டில் நம்மிடம் இருக்கும் வீச்சு மிகக் குறுகல். வெள்ளைக்கும் கறுப்புக்கும் நடுவே சாதாரணமாக இருபது, முப்பது மடங்குதான். ஆகவே இயற்கையின் அளவுகளை அப்படியே கொண்டுவர முடியாது, விகிதங்களைத்தான் கொண்டுவர முடியும். எதற்கு இடம் ஒதுக்குவது, எதைச் சுருக்குவது என்ற முடிவு ஓவியருடையது. இத்தாலிய ஓவியர் கரவாஜ்ஜோ நிழல்களையெல்லாம் இருட்டுக்குள் தள்ளிவிட்டு வெளிச்சம் படும் முகங்களுக்கு இடம் எடுத்துக்கொண்டார். இம்ப்ரெஷனிஸ்டுகள் நிழலின் டோனை உயர்த்தி, சூடு-குளிர் வேறுபாட்டால் வெயிலைச் சொன்னார்கள். இரண்டும் நியாயமான வழிகள்.

வெயில் அடிக்கவில்லையே என்று தோன்றினால் வெள்ளையைக் கூட்டாதீர்கள். வெள்ளை கூடக் கூடச் செறிவு குறையும், நிறம் குளிரும், சுண்ணாம்பு அடித்ததுபோல ஆகும். மஞ்சள் வெயிலுக்கு வெள்ளையைவிட ஒரு படி கீழே இறங்கி, நிறத்தைச் செறிவாக வைத்து, அதை ஒட்டிய நிழலைத் துணிந்து இறக்குங்கள்.

எத்தனை நிற டியூப்கள் வேண்டும்?

குறைவாக. ஸ்வீடன் ஓவியர் ஆண்டர்ஸ் சோர்ன் பெயரால் வழங்கும் பேலட்டில் நான்கே நிறம்: வெள்ளை, எல்லோ ஓக்கர், வெர்மிலியன் சிவப்பு, ஐவரி பிளாக். நீலமே இல்லை. சூடான நிறங்களுக்கு நடுவே கறுப்பும் வெள்ளையும் சேர்ந்த சாம்பலே நீலமாகத் தெரியும், ஷெவ்ரோல் சொன்ன அதே காரணத்தால். உருவப்படம் பழக இதைவிட நல்ல தொடக்கம் எனக்குத் தெரிந்து இல்லை.

இயற்கைக் காட்சிக்கு அது போதாது. டைட்டானியம் வெள்ளை, எல்லோ ஓக்கர், காட்மியம் மஞ்சள், காட்மியம் சிவப்பு, குளிர்ந்த சிவப்பு ஒன்று, அல்ட்ராமரின், பர்ன்ட் சியன்னா என ஏழு இருந்தால் ஏறக்குறைய எல்லாம் வரும். குளிர்ந்த சிவப்புக்கு அசல் அலிசரின் கிரிம்சன் வாங்க வேண்டாம், வெளிச்சத்தில் நாளடைவில் வெளுத்துவிடும். குவினாக்ரிடோன் வகைச் சிவப்பு நிலைக்கும்.

தோல் நிறத்தை எப்படிக் கலப்பது?

'ஸ்கின் கலர்' என்று விற்கும் டியூபை மட்டும் நம்ப வேண்டாம். தோல் ஒரு நிறம் இல்லை. வெளிச்சம் அதன் மேற்பரப்பில் மட்டும் படுவதில்லை, கொஞ்சம் உள்ளே போய், ரத்தத்தைத் தொட்டு, சிவந்து வெளியே வருகிறது. காதுக்குப் பின்னால் வெயில் அடிக்கும்போது காது மடல் சிவந்து ஒளிர்வதைப் பார்த்திருப்பீர்கள். மூக்கு நுனி, கன்னம், விரல் கணு ஆகிய இடங்கள் நெற்றியைவிடச் சிவந்திருக்கும். வெளிச்சம் நிழலாகத் திரும்பும் எல்லையிலும் லேசாகச் சிவப்போ ஆரஞ்சோ ஓடும்.

மாநிறமும் கறுத்த நிறமுமான தோலை வரைகிறவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அடர்ந்த தோலில் மேற்பரப்பின் பளபளப்பு நன்றாக எடுத்துத் தெரியும். அந்தப் பளபளப்பின் நிறம் தோலின் நிறம் அல்ல, வெளிச்சத்தின் நிறம். திறந்த வானத்தின் கீழ் நிற்கிறவரின் நெற்றியிலும் தோளிலும் தெளிவான நீலச் சாம்பல் இருக்கும். அதற்கு வெறும் பழுப்பில் வெள்ளையைக் கலந்து போட்டால் தோல் புழுதி படிந்ததாகிவிடும். நீலச் சாம்பலைத் துணிந்து வையுங்கள், அதன் பக்கத்தில் இருக்கும் பழுப்பு உயிர்பெறும். நிழலில் பர்ன்ட் சியன்னாவும் குளிர்ந்த சிவப்பும் அல்ட்ராமரினும் சேர்ந்த ஆழமான சூடு. எவ்வளவு அழகான நிறங்கள் அங்கே இருக்கின்றன என்பது வரைய உட்காரும்போதுதான் தெரியும்.

ஹைலைட் எப்போதும் வெள்ளைதானா?

ஹைலைட் என்பது பளபளக்கும் பரப்பில் மின்னும் வெளிச்சப் புள்ளி. பீங்கான், கண்ணாடி, ஈர உதடு, பழத்தின் தோல் ஆகியவற்றில் அது வெளிச்சத்தின் நிறத்தில் இருக்கும். உலோகம் வேறு ஜாதி. பித்தளையின் ஹைலைட் மஞ்சளாகவும் செம்பின் ஹைலைட் ஆரஞ்சாகவும் இருக்கும், ஏனென்றால் உலோகம் பிரதிபலிப்பதையே தன் நிறத்தால் சாயமேற்றி அனுப்புகிறது. பித்தளைப் பாத்திரத்தில் சுத்த வெள்ளையை வைத்தால் அது மஞ்சள் பிளாஸ்டிக் ஆகிவிடுவது இதனால்தான்.

டச்சு ஓவியர் வெர்மீர் 1665 வாக்கில் வரைந்த, முத்துத் தோடு அணிந்த பெண்ணின் படத்தில் அந்த முத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். சுற்றுக்கோடு இல்லை, மாட்டும் கொக்கிகூட இல்லை. மேலே தடித்த ஒரு வெள்ளைத் தீற்று, கீழே வெள்ளைக் கழுத்துப்பட்டையின் மங்கலான எதிரொளி. மிச்சமெல்லாம் கழுத்தின் நிழல். அவ்வளவில் முத்து தொங்குகிறது.

தூரத்து மலை ஏன் நீலம்?

நடுவில் இருக்கும் காற்று நீல வெளிச்சத்தைச் சிதறடித்து நம் கண்ணுக்கு அனுப்புகிறது. தூரம் கூடக் கூட அடர்ந்த நிறங்கள்தான் முதலில் வெளிறி நீலமாகும். வெள்ளைப் பொருள்கள் தூரத்தில் நீலமாவதில்லை, லேசாக மஞ்சள் தட்டும். விளிம்புகளையும் தளர்த்துங்கள்.

இலைகளை வரைந்தால் பச்சை கண்ணை உறுத்துகிறதே?

டியூபில் வரும் பச்சையை அப்படியே போடுவதால். நீலத்தையும் மஞ்சளையும் கலந்து நீங்களே செய்யுங்கள், சிவப்பின் பக்கம் உள்ள ஏதாவது ஒன்றைத் துளி சேர்த்து மங்க வையுங்கள். ஒரே மரத்தில் மூன்று வகைப் பச்சை உண்டு. வெயில் மேலே பட்டுப் பளபளக்கும் இலையில் வானத்தின் நிறம் ஏறி அது சாம்பல் பச்சையாகும். வெயில் பின்னாலிருந்து ஊடுருவும் இலை மஞ்சள் பச்சையில் எரியும். நிழலுக்குள் இருப்பது நீலமும் பழுப்பும் கலந்த அடர் பச்சை. ஊடுருவும் இலைகளை மட்டும் கொஞ்சமாக, உரிய இடத்தில் வைத்தால் மரம் முழுவதும் வெயில் ஏறும்.

புகைப்படம் பார்த்து வரையலாமா?

வரையலாம், உருவத்துக்கும் அமைப்புக்கும். நிறத்துக்கு அதை நம்பாதீர்கள். கேமரா நிழலைக் கறுப்பாக அடைத்துவிடும், இல்லையென்றால் வானத்தை வெளுக்க வைத்துவிடும். தானே நிறச் சமன் செய்து மாலையின் சூட்டைக் குறைத்துவிடும். கூடவே நேரில் ஒரு சிறு நிறக் குறிப்பு எடுத்துக்கொள்ளுங்கள். அஞ்சலட்டை அளவு போதும், பத்து நிமிடம், ஆறேழு திட்டு. வீட்டில் உட்கார்ந்து வரையும்போது புகைப்படத்தைவிட அந்த அட்டை அதிகம் பேசும்.

எந்த வெளிச்சத்தில் உட்கார்ந்து வரைவது?

பேலட்டிலும் கான்வாஸிலும் ஒரே வெளிச்சம் விழ வேண்டும், இதுதான் முதல் விதி. பகலில் நேரடி வெயில் படாத ஜன்னல் நல்லது. இரவில் 5,000 கெல்வின் அளவும், நிறத் துல்லியக் குறியீடு (CRI) 90க்கு மேலும் உள்ள எல்.இ.டி. விளக்கு. மஞ்சள் பல்பின் கீழ் ஒரு முறை இரவு முழுவதும் ஒரு வானத்தை வரைந்தேன். சூடான வெளிச்சத்தில் நீலம் மங்கித் தெரிய, நீலத்தை மேலும் மேலும் ஏற்றியிருந்தேன். காலையில் பார்த்தால் வானம் எழுதும் மையின் நீலத்தில் இருந்தது.

காய்ந்ததும் நிறம் மாறுமா?

அக்ரிலிக் ஈரத்தில் பால்போல இருக்கும் பசை காய்ந்து தெளிவாவதால் கொஞ்சம் அடர்ந்துவிடும். நீர்வண்ணம் வெளிறும். எண்ணெய் வண்ணத்தில் அம்பர் (umber) என்ற மண் பழுப்பு போன்ற அடர் நிறங்கள் மினுக்கம் இழந்து சாம்பல் பூத்ததுபோலத் தோன்றலாம். நிறம் போய்விடவில்லை, மெல்லிய எண்ணெய்ப் பூச்சோ வார்னிஷோ கொடுத்தால் திரும்பிவரும்.

நிறத்தைப் பார்க்கும் கண்ணை எப்படிப் பழக்குவது?

மொனே 1890, 1891இல் வைக்கோல் போர்களைத் திரும்பத் திரும்ப வரைந்தார், சுமார் இருபத்தைந்து ஓவியங்கள். போர் அதேதான், வெளிச்சம் மாறிக்கொண்டே இருந்தது. அதையே சிறிய அளவில் செய்யலாம். ஒரு வெள்ளைப் பெட்டியைக் காலை, நண்பகல், மாலை என்று மூன்று சிறு அட்டைகளில் வரையுங்கள். ஒவ்வொன்றுக்கும் இருபது நிமிடத்துக்கு மேல் வேண்டாம். பெட்டிக்கு நமக்குத் தெரிவது மூன்று முகம்: மேல், வெயில் பக்கம், நிழல் பக்கம். இந்த மூன்று திட்டுகளின் டோனும் சூடும் சரியாக அமைந்தால், அட்டையைப் பார்க்கிறவர் மணி என்ன என்று சொல்லிவிடுவார். கோடு, அலங்காரம், பின்னணி எதுவும் தேவைப்படாது.

அந்தி நேரத்தில் நிறங்கள் எல்லாம் ஏமாற்றுகின்றனவே?

ஆமாம், அப்போது கண்ணே மாறிக்கொண்டிருக்கிறது. வெளிச்சம் குறையும்போது நிறம் பார்க்கும் கூம்பு செல்கள் ஓய்ந்து, மங்கலில் வேலை செய்யும் குச்சி செல்கள் பொறுப்பேற்கின்றன. அவற்றுக்குச் சிவப்பு தெரியாது, நீலப் பச்சை நன்றாகத் தெரியும். பகலில் பளிச்சென்றிருந்த செம்பூ அந்தியில் கறுத்துவிடும், அதன் இலைகள் அதைவிட வெளிறித் தெரியும். 19ஆம் நூற்றாண்டில் இதைப் பதிவு செய்த செக் அறிவியலாளர் புர்கின்யேயின் பெயரில் இது வழங்குகிறது.

அதே மங்கலில் உங்கள் பேலட்டும் ஏமாற்றும் என்பதுதான் பெரிய தொல்லை. ஆகவே அந்தியை வரைய அந்தியில் கலக்கத் தொடங்கக் கூடாது. முந்தைய நாள் அந்த நேரத்தில் வெறுமனே நின்று பாருங்கள். எந்த நிறம் முதலில் அணைகிறது, எது கடைசிவரை நிற்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். மறுநாள் வெளிச்சம் நன்றாக இருக்கும்போதே வானத்துக்கு மூன்று, தரைக்கு இரண்டு, மரங்களுக்கு ஒன்று என்று கலவைகளைக் குழைத்து வரிசையாக வைத்துவிட்டு, பிரஷைக் கையில் எடுத்துக்கொண்டு காத்திருங்கள். கிடைப்பது பதினைந்து நிமிடம்தான்.